மண்சரிவுக்குப் பிறகு தூக்கமில்லாத பெண்கள்: சாப்பாடும் உடற்பயிற்சியும் உண்மையில் உதவுமா?

ஊவாத்தூறல் கேட்டது:

வணக்கம். இலங்கை மலையகத்தில் ஹப்புத்தளைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வாரத்துக்கு ஒருமுறை கூடும் பெண்கள் குழுவுக்காக இதைக் கேட்கிறேன். 18 பேர். பெரும்பாலும் கொழுந்து பறிக்கிறவங்க. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மழையில் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) பின்னாலிருந்த மேடு சரிந்து, இப்போது தற்காலிகக் கொட்டகையில் இருக்கிறாங்க. நாலு வீட்டில் உயிர் போயிருக்கு.

தகரத்தில் மழை விழுந்தால் தூக்கம் போய்விடுகிறது. சிலருக்கு நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், பசியே இல்லை. சிலருக்கு எல்லாத்திலும் சலிப்பு, பிள்ளைகள் மேல் எரிச்சல். ஒரு பயிற்சியில் கொடுத்த தாளில் "தினமும் 30 நிமிட வேகநடை, ஓட்ஸ், பாதாம், சால்மன்" என்று இருந்தது. வாசித்துக் காட்டினேன். "அஞ்சு மணிக்கு எழும்பி ரொட்டி சுட்டு, புள்ளைய புள்ளக்காம்பராவுல (பிள்ளைக் காப்பகத்துல) விட்டுட்டு, அந்தி மட்டும் மலை ஏறி எறங்குறோம். அதுக்கு மேலயும் நடக்கணுமாக்கா?" என்று ஒருத்தங்க கேட்டாங்க. என்னிடம் பதில் இல்லை.

மனவடுவுக்கு, அதாவது பேரதிர்ச்சி மனசில் விட்டுப்போகும் காயத்துக்கு, சாப்பாடும் உடற்பயிற்சியும் உண்மையிலேயே உதவுமா? உதவும் என்றால் லயத்து அடுப்பில், அந்தச் சம்பளத்தில் என்ன செய்யலாம்? எந்த இடத்தில் நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்? தெரிந்தவங்க விவரமாகச் சொல்லுங்க.

கீரைப்பாத்தி (போசணைத் துறை) எழுதியது:

அந்தத் தாளைக் கீழே வையுங்க. பாதாமும் சால்மனும் இல்லாமலே அந்தக் காரியம் நடக்கும்.

சாப்பாட்டை மாற்றினால் மனச்சோர்வு குறையுமா என்று நேரடியாகச் சோதித்த ஆய்வு ஒன்று 2017இல் அவுஸ்திரேலியாவிலிருந்து வெளியானது. ஸ்மைல்ஸ் என்று பெயர். 67 பேர், 12 வாரம். சாப்பாட்டைத் திருத்த உதவி கிடைத்தவர்களில் 32 சதவீதம் பேர் மனச்சோர்விலிருந்து மீண்டார்கள். பேச்சுத்துணை மட்டும் கிடைத்தவர்களில் 8 சதவீதம். சின்ன ஆய்வு, மனச்சோர்வைப் பற்றியது, மனவடுவைப் பற்றியதில்லை. பலர் ஏற்கெனவே சிகிச்சையிலும் இருந்தவர்கள். ஆகவே "கீரை தின்றால் பயம் போய்விடும்" என்று யாரிடமும் சொல்லாதீங்க. ஆனால் அவர்களைச் சாப்பிடச் சொன்னதில் பெரும்பகுதி பருப்பு, கடலை, கீரை, தீட்டாத தானியம், மீன், பழம். இதில் ஹப்புத்தளைச் சந்தையில் கிடைக்காத பொருள் எதுவும் இல்லை.

உங்க குழுவில் நான் முதலில் கவனிப்பது சாப்பிடும் நேரத்தை. அதிர்ச்சிக்குப் பிறகு பசி மங்கிவிடும். அரை ரொட்டி, ஒரு சாயத்தண்ணி (பால் விடாத தேத்தண்ணி), அதில் மூணு கரண்டி சீனி; இதோடு ஆறரைக்குக் கிளம்பினால் மத்தியானம் வரை ஒன்றுமில்லை. பத்து, பதினொரு மணிக்குக் கை நடுங்கும், வேர்க்கும், நெஞ்சு அடிக்கும். இது வெறும் பசி. ஆனால் பசி நடுக்கத்தையும் பய நடுக்கத்தையும் உடம்பு ஒரே மாதிரித்தான் காட்டும். ஏற்கெனவே பயந்துபோன ஆள் "மறுபடியும் என்னமோ நடக்கப்போகுது" என்றுதான் அதைப் புரிந்துகொள்வாள். மூணு, நாலு மணிக்கூறுக்கு ஒருமுறை வாயில் ஏதாவது போனாலே சிலருக்குப் பகல் படபடப்பு பாதி அடங்கும். இராத்திரி 200 கிராம் கடலையோ கௌபிப் பயறோ ஊறப்போட்டுக் காலையில் ரொட்டிக்கல் ஏற்றும் முன் அவித்தால் நாலு பேருக்குப் பத்து மணிக்குக் கைப்பிடி கைப்பிடியாக வரும். அவித்தது மத்தியானம் வரை தாங்கும். மறுநாளைக்கு வைக்க வேண்டாம்.

சாப்பாடே இறங்காதவங்களிடம் "சாப்பிடு, சாப்பிடு" என்று நிற்காதீங்க. ஒரு கைப்பிடி அரிசி, அரைக் கைப்பிடி பயறு, குழைய அவித்து உப்பும் கொஞ்சம் தேங்காய்ப்பாலும் விட்ட கஞ்சி. இரண்டு மணிக்கூறுக்கு ஒருமுறை அரைக் கோப்பை. ஒரு மாதத்துக்குள் 50 கிலோ ஆள் இரண்டரை கிலோ குறைந்தால் அது துக்கம் என்று விட்டுவிடும் அளவல்ல, வைத்தியரிடம் காட்ட வேண்டிய அளவு.

அடுத்தது இரும்புச்சத்து. இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் தேயிலை மலையின் பழக்கம் நேரடியாக வந்து மோதுகிறது. குருதிச்சோகை உள்ளவளுக்குக் களைப்பு, எரிச்சல், மறதி, எதிலும் மனம் ஒட்டாமை, மேடு ஏறினால் மூச்சு வாங்குதல், நெஞ்சு படபடப்பு எல்லாம் வரும். இதே பட்டியல்தான் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே, கர்ப்பிணிக்கு 11க்குக் கீழே போனால் குருதிச்சோகை. 18 பேருக்கும் முதலில் இந்தப் பரிசோதனையை எடுக்கச் சொல்லுங்க. முடிந்தால் தைரொயிட்டையும் சேர்த்து. தைரொயிட் குறைந்தாலும் ஆள் சோர்ந்து போவாள்.

ரொட்டியோடு சாயம் குடிக்கும் பழக்கம்தான் பெரிய தடை. பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பைத் தேயிலையின் துவர்ப்புச் சத்து பிடித்துக்கொள்ளும். சாப்பாட்டோடு ஒரு கோப்பை குடித்தால் உடம்பு உறிஞ்சும் இரும்பு பாதிக்கும் கீழே போகலாம். தேத்தண்ணியை விடச் சொன்னால் யாரும் கேட்கமாட்டாங்க, விடவும் தேவையில்லை. சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவில் ஒரு மணிக்கூறு விட்டால் போதும். விடிய எழும்பினவுடன் சாயம், ஒரு மணிக்கூறு கழித்து ரொட்டி என்று வரிசையை மாற்றினாலே வேலை முடிந்தது. சம்பலில் தேசிக்காய்ப் புளி விட்டு, அல்லது சாப்பிட்ட கையோடு ஒரு கொய்யாப்பழம் தின்றால் இரும்பு கூடுதலாக உள்ளே போகும். இரும்புக் குளிசையையும் சாயத்தோடோ பாலோடோ போடக்கூடாது, வெறும் தண்ணியோடுதான். குளிசை போட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லையென்றால் கொக்கிப்புழுவை நினையுங்க. வெறுங்காலோடு மலையில் நிற்பவர்களுக்கு அது வரும். பூச்சிக்குளிசை இல்லாமல் இரும்பு மட்டும் கொடுப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணி ஊற்றுவதுதான். (கர்ப்பத்தின் முதல் மூணு மாதம் பூச்சிக்குளிசை கூடாது. மிட்வைஃபைக் கேட்காமல் கொடுக்காதீங்க.)

புரதத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மலை வேலை செய்யும் 50 கிலோ பெண்ணுக்கு நாளைக்கு 50 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 150 கிராம் கோதுமை மா ரொட்டியில் 15, 150 கிராம் அரிசியில் 10, 50 கிராம் பருப்பில் 12. மொத்தம் 37. ஒரு முட்டை 6, காய்ந்த நெத்தலி 15 கிராம் 8. கணக்கு நிறைந்துவிட்டது. ஆகத் தினம் ஒரு முட்டையும் ஒரு பிடி நெத்தலியும்தான் இடைவெளி. முட்டை வாங்க முடியாத நாளில் சோயா மீட். அதன் காய்ந்த எடையில் ஏறக்குறைய பாதி புரதம். நெத்தலியைச் சுடுதண்ணியில் பத்து நிமிடம் ஊறவைத்துப் பிழிந்தால் உப்புக் குறையும். மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைந்து மனசும் நினைவும் மந்தமாகலாம், கால் விறுவிறுக்கலாம். அவங்களுக்குப் பாலோ முட்டையோ கட்டாயம். இரண்டும் ஆகாதென்றால் குளிசை.

திரிபோஷவைப் பற்றி ஒரு வார்த்தை. அது கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் எடை குறைந்த பிள்ளைக்கும் அரசு கொடுக்கும் சத்துமா. கொட்டகையில் எல்லாருமாகப் பங்குபோட்டால் யாருக்கும் பயனில்லாமல் போகும்.

கடைசியாகத் தூக்கம். ஒரு கோப்பை சாயத்தில் 40, 50 மில்லிகிராம் கஃபீன் இருக்கும். டஸ்ட் தேயிலை போட்டுக் கொதிக்கவிட்டால் இன்னும் கூட. அதில் பாதி கரைய ஐந்து மணிக்கூறு ஆகலாம். அந்தி ஆறு மணிக்குக் குடித்ததில் பாதி பதினொரு மணிக்கும் இரத்தத்தில் நிற்கும். பகல் இரண்டு மணிக்கு மேல் கொத்தமல்லித் தண்ணி, பெலிமல் (வில்வப்பூத் தண்ணி), இஞ்சி போட்ட சுடுதண்ணி என்று மாற்றப் பாருங்க. ஒரே நாளில் நிறுத்தினால் மறுநாள் மண்டை இடிக்கும், "இது ஒத்துக்கொள்ளவில்லை" என்று விட்டுவிடுவாங்க. இராத்திரிக் கோப்பையில் தொடங்கி, மூணு நாளைக்கு ஒரு கோப்பையாகக் குறையுங்க.

அசைவு (உடலியக்க சிகிச்சை) எழுதியது:

அந்த அக்கா கேட்ட கேள்வி மிகச் சரியானது. அவங்களிடம் "இல்லை, நீங்க கூடுதலாக நடக்க வேண்டியதில்லை" என்றே சொல்லலாம்.

ஓய்வு நேரத்தில் தானாகச் செய்யும் உடலசைவு மனநலத்தோடு நல்ல விதமாகச் சேர்ந்திருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. கூலி வேலையில் வரும் அசைவுக்கு அந்தப் பலன் அப்படியே வருவதில்லை. காரணம் ஊகிக்கக் கூடியதுதான். கொழுந்து மலையில் வேகத்தைத் தீர்மானிப்பது கிலோக் கணக்கு. நிற்பதும் நகர்வதும் பின்னால் நிற்பவர் சொல்வது. தலையில் மாட்டிய கயிறு கழுத்தை இழுக்க, ஒரே பக்க அசைவு எட்டு மணிக்கூறு. மனவடு உள்ளவளுக்குத் தன் உடம்பு தன் சொல்லைக் கேட்கும் என்ற நம்பிக்கைதான் உடைந்து கிடக்கிறது. அந்த நம்பிக்கை திரும்ப வர, அவளே தொடங்கி அவளே நிறுத்தும் அசைவு வேண்டும். ஆகவே இவங்களுக்கு நான் வேர்வையைக் கூட்டமாட்டேன், பாரத்தை இறக்குவேன்.

மலையிலிருந்து வந்து, கால் கழுவி, ஒரு கோப்பை தண்ணி குடித்து, வாழைப்பழமோ அவித்த கடலையோ தின்ற பிறகு 12 முதல் 15 நிமிடம். வாரத்தில் மூணு நாள். முதலில் தோளைக் காதுவரை தூக்கி ஐந்து எண்ணிப் பொத்தென்று விடுதல், எட்டு தடவை. கூடைக்கயிறு இறுக்கிய இடம் இதில் இளகும். பிறகு கெண்டைக்கால்: சுவரில் கை ஊன்றி ஒரு காலைப் பின்னுக்கு வைத்துக் குதிகாலை நிலத்தில் அழுத்தி 30 விநாடி, ஒவ்வொரு காலுக்கும் இரண்டு முறை. வாங்கில் உட்கார்ந்து கையூன்றாமல் எழும்புதல் பத்து. முழங்கால் வலித்தால் பலகை வைத்து உயரத்தைக் கூட்டுங்க. சுவரிலிருந்து ஒரு எட்டு தள்ளி நின்று சுவரைத் தள்ளுதல் பத்து. இந்த இரண்டையும் ஒரு நிமிடம் ஆறி இன்னொரு சுற்று. கடைசி ஐந்து நிமிடம் எல்லாருமாகத் தாளத்தோடு அசைவது. கும்மி தெரிந்தால் கும்மி. வட்டமாக, ஒரே அடியில், ஒரே கைத்தட்டில் ஆடும்போது மூச்சு தானாக ஒழுங்குபடும். ஆனால் துக்க வீட்டுக்காரங்க வருஷம் திரும்பும் வரை கும்மி கொட்டமாட்டாங்க. அவங்களை வட்டத்துக்கு இழுக்க வேண்டாம். அந்த ஐந்து நிமிடம் வேறு யாராவது அவங்களோடு ரோட்டில் நடக்கட்டும்.

வேலைக்குப் போகாமல் கொட்டகையிலேயே இருக்கும் வயசானவங்க, கைப்பிள்ளைக்காரிகள் கதை வேறு. இவங்களுக்கு நடை கட்டாயம் வேண்டும். முதல் வாரம் காலையும் மாலையும் பத்து நிமிடம், நாலாம் வாரத்துக்குள் ஒரே மூச்சில் 25, 30. பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக்கூடாது. அந்த வேகம் போதும். காலை வெளிச்சத்தில் நடந்தால் இராத்திரித் தூக்கமும் நேரத்துக்கு வரும். தட்டையான ரோட்டைத் தெரிவுசெய்யுங்க. மண் சரிந்த இடம் கண்ணில் படும் பாதையில், தைரியம் வரட்டும் என்று யாரையும் கூட்டிப்போகாதீங்க. குளவிக்கூடு உள்ள பாதை, மழைநாளில் சரிவு வெட்டின ஓரம், இரண்டையும் விடுங்க. இருவராகப் போகட்டும்.

பிழை வரக்கூடிய இடங்களைத்தான் கவனிக்க வேண்டும். நெஞ்சு வேகமாக அடிப்பதும் மூச்சு வாங்குவதும் உடற்பயிற்சியிலும் வரும், அன்று மண் வந்தபோதும் வந்தது. உடம்பு இரண்டையும் குழப்பிக்கொள்ளும், ஆள் அங்கேயே உறைந்துபோய் நிற்கலாம். ஆகவே தொடங்கும் முன்பே சொல்லுங்க: "இப்ப நெஞ்சு அடிக்கும். நின்னா ரெண்டு மூணு நிமிஷத்தில அடங்கும். கையை வச்சுப் பாத்துக்குங்க." தானே ஏற்றித் தானே இறக்கிப் பார்த்த படபடப்பு நாளாவட்டத்தில் பயமுறுத்தாது. முதல் ஐந்து நிமிடம் மெதுவாக ஏற்றுங்க. கடைசி மூணு நிமிடம் மெதுவாக இறக்குங்க. திடீரென்று நின்றால் இரத்தம் காலில் தேங்கித் தலை சுற்றும், அதையும் மயக்கம் என்று பயப்படுவாங்க. ஹீமோகுளோபின் முடிவு வரும் முன் மூச்சு வாங்கும் பயிற்சி வேண்டாம்.

விசில் ஊதாதீங்க. வரிசையில் நிறுத்தி அதட்டும் குரல், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தை ஞாபகப்படுத்தும். கண்ணை மூடச் சொல்லாதீங்க, மல்லாக்கப் படுக்கச் சொல்லாதீங்க. மண்ணுக்குள் அகப்பட்டு வந்தவளுக்கும், வீட்டில் அடிவாங்குபவளுக்கும் அந்த நிலை தாங்காது. வாசலைப் பார்த்தபடி யாருக்கு நிற்க வேண்டுமோ அவங்க அங்கே நிற்கட்டும். கையைப் பிடித்துத் திருத்த வேண்டாம். செய்து காட்டினால் போதும்.

ஆதாரம் கேட்டீங்க. 2024இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வு 218 பரிசோதனைகளையும் 14,170 பேரையும் சேர்த்துப் பார்த்தது. நடை, மெல்லோட்டம், யோகா, தசைப்பயிற்சி எல்லாம் மனச்சோர்வைக் குறைத்தன. மனவடுவைப் பற்றிய ஆய்வுகள் இதைவிடக் குறைவு, சிறியவை. சிகிச்சையோடு சேர்த்துச் செய்தால் துணை நிற்கும் என்பதுவரை நம்பிச் சொல்லலாம்.

காலைக்கதிர் எழுதியது:

இவ்வளவு சுற்றத் தேவையில்லை. யோகா ஒன்றே போதும். விடிய வெறும் வயிற்றில் ஐந்து நிமிடம் கபாலபாதி, பிறகு பஸ்திரிகா. பதற்றம் தானாக விலகும். மலைக்காற்றும் சுத்தம். எல்லாரையும் கண்ணை மூடி உட்கார வைத்துச் செய்யச் சொல்லுங்க.

மாலைநேரத் தாதி (சமுதாய மனநலம்) எழுதியது:

காலைக்கதிர், யோகா நல்லது. ஆனால் இந்தக் குழுவுக்கு அந்த இரண்டு பயிற்சியும் வேண்டாம். வேகமாக மூச்சை அடித்து விடும்போது இரத்தத்தில் கரியமிலவாயு குறையும். தலை லேசாகும், உதடும் விரலும் விறுவிறுக்கும், நெஞ்சு இறுகும். பதற்றம் தாக்கும்போது நடப்பதும் இதேதான். வெறும் வயிறு, மூடிய கண் வேறு சேர்ந்தால் இன்னும் மோசம். மூச்சுப்பயிற்சி செய்ய வேண்டுமென்றால் வெளிமூச்சை நீட்டுங்க: நாலு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே, கண் திறந்தபடி, ஐந்து நிமிடம். மூச்சைக் கவனித்தாலே திணறுபவங்களுக்கு அதையும் விட்டு, இரண்டு பாதத்தையும் நிலத்தில் அழுத்தி, கையில் சுடுதண்ணிக் கோப்பையைப் பிடித்து, கண்ணில் படும் ஐந்து பொருளைப் பேர் சொல்லச் சொல்லுங்க.

ஊவாத்தூறல், எங்கே நிறுத்துவது என்று கேட்டீங்களே, அதற்கு வருகிறேன். சாப்பாடும் அசைவும் தூணுக்கு முட்டுக்கொடுப்பது போல. உடைந்த தூணை அவை நேராக்காது. சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்கு மேலாகியும் அந்தக் காட்சி பகலில் கண்முன் வருவது, கெட்ட கனவு, அந்த இடத்தையோ பேச்சையோ தவிர்ப்பது, எந்நேரமும் திடுக்கிடுவது நீடித்தால் மனவடு நோய்க்கான மதிப்பீடு வேண்டும். அதற்கு முதற்சிகிச்சை மனவடுவை மையப்படுத்திய பேச்சுச் சிகிச்சை. தேவைப்பட்டால் செர்ட்ரலின் போன்ற மருந்து. சம்பவம் நடந்த கையோடு எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்து "நடந்ததைச் சொல்லுங்க" என்று ஒரே நாளில் கொட்டவைப்பதை உலக சுகாதார நிறுவனமே வேண்டாமென்கிறது. உங்கள் வாரக் கூட்டத்தில் பேச விரும்புபவள் பேசட்டும், மற்றவள் கீரை ஆயட்டும்.

மருந்து தொடங்கியவர்களுக்குச் சாப்பாட்டோடு சம்பந்தப்பட்ட சில விஷயங்கள். செர்ட்ரலின் முதல் ஒன்றிரண்டு வாரம் வயிற்றைப் புரட்டும், படபடப்பைக் கொஞ்சம் கூட்டவும் கூடும். சாப்பிட்ட பிறகு போட்டால் தாங்கும். பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரமாகும். பாதியில் தாங்களாக நிறுத்தக்கூடாது. ஒலன்சபின், மிர்டசபின் போன்றவை பசியைக் கூட்டி எடை ஏற்றும். சீனியைச் சாயத்தில் குறைக்க அதுதான் சமயம். லிதியம் போடுபவள் தண்ணி குடிக்காமல் விரதம் இருக்கவே கூடாது, உப்பையும் திடீரென்று குறைக்கக்கூடாது. மருந்து இரத்தத்தில் ஏறி நஞ்சாகும். பக்கத்துவீட்டாரின் தூக்கக் குளிசையை வாங்கிப் போடுவது மலையில் சாதாரணமாக நடக்கிறது. டயசிபாம் வகைக் குளிசை மனவடுவுக்கு உதவாது, பழக்கத்தில் பிடித்துக்கொள்ளும்.

அன்றே அனுப்ப வேண்டியவங்க: சாக வேண்டும் என்று பேசுபவள், இல்லாத குரல் கேட்பவள், கைப்பிள்ளைக்குப் பால் கொடுக்க மறந்துபோகிறவள், இரண்டு மூணு நாளாகத் தண்ணியும் இறங்காதவள். பக்கத்துப் பிரதேச வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்க. அங்கிருந்து மனநல கிளினிக்குக்கு அனுப்புவார்கள். தேசிய மனநல உதவித் தொலைபேசி 1926, எந்நேரமும் கூப்பிடலாம். அம்புலன்ஸுக்கு 1990. இன்னொன்று, தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீங்க: மரக்கறித் தோட்டத்துக்கு அடிக்கும் மருந்துப் போத்தல்கள் கொட்டகைக்குள் இருந்தால் இன்றைக்கே வெளியே ஒரு பெட்டியில் பூட்டி, சாவியை நிதானமான ஒருவரிடம் கொடுங்க. சாகும் எண்ணம் பல நேரம் சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய் இறங்கும். அந்த நிமிடங்களில் போத்தல் கைக்கெட்டாமல் இருந்தால் உயிர் தங்கும்.

ஊவாத்தூறல் கேட்டது:

ரொம்ப நன்றி. சாயத்துக்கும் ரொட்டிக்கும் ஒரு மணிக்கூறு விடுவதை இந்த வாரமே தொடங்கலாம். இரண்டு சந்தேகம். ஒன்று, குழுவில் ஒருத்தங்க வீட்டுக்காரர் தூக்கம் வரத் தினமும் குடிக்கிறார். நாளையிலிருந்து ஒரேயடியாக விடப்போவதாக சாமிக்கு நேர்ந்திருக்கிறார். நல்லதுதானே? இரண்டாவது, இராத்திரி இரண்டு மணிக்கு மழை பிடித்தால் எல்லாரும் எழும்பி உட்கார்ந்துவிடுறாங்க. "ஒண்ணும் ஆகாது, தூங்குங்க" என்று சொல்லலாமா?

மாலைநேரத் தாதி எழுதியது:

நேர்த்தி நல்லது, ஆனால் நாளைக்கு வேண்டாம். எவ்வளவு காலமாக, எவ்வளவு குடிக்கிறார் என்று முதலில் கேளுங்க. பல மாதமாகத் தினமும் அதிகமாகக் குடித்தவர் ஒரேயடியாக விட்டால் 6 முதல் 12 மணிக்கூறுக்குள் நடுக்கமும் வேர்வையும் தொடங்கும். முதல் 48 மணிக்கூறுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூணு நாளில் ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றும் நிலைக்குப் போகலாம். அது உயிருக்கு ஆபத்து. ஆஸ்பத்திரியில் மருந்தின் துணையோடு விடவேண்டும். அவங்க பி1 விட்டமினும் கொடுப்பார்கள். குடிகாரர்களுக்கு அது வற்றிப்போயிருக்கும்; அந்த நிலையில் குளுக்கோஸை முதலில் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். சாமிக்கு நேர்ந்ததை ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தே நிறைவேற்றலாம் என்று அவரிடம் சொல்லுங்க.

குடி முதல் பாதி இரவுக்குத்தான் தூக்கம் தரும். பின்பாதியில் எழுப்பிவிடும், கெட்ட கனவையும் கூட்டும். இதையும் அவருக்கு விளக்கினால் விடுவதற்கு ஒரு காரணம் கிடைக்கும்.

மழையைப் பற்றி: "ஒண்ணும் ஆகாது" என்று சொல்லாதீங்க. மலைச்சரிவில் இருப்பவர்களுக்கு மழைப்பயம் நோயின் பயம் மட்டுமில்லை, பாதி நியாயமான பயம். பொய் ஆறுதல் ஒருமுறை தவறினால் பிறகு உங்கள் எந்த வார்த்தையும் ஏறாது. மழைச்சத்தத்துக்குப் பழக்கும் சிகிச்சையெல்லாம் இருக்கும் இடம் பத்திரமானது என்று உறுதியான பிறகுதான்.

அசைவு எழுதியது:

அதோடு சேர்த்து இதைச் செய்யலாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்குப் பயன்படுத்தும் அளவுகள் 24 மணிக்கூறில் 75 மில்லிமீட்டர் மழைக்கு விழிப்பு, 100க்கு எச்சரிக்கை, 150க்கு வெளியேற்றம். நேரான பக்கமுள்ள பெரிய பிளாஸ்டிக் போத்தலின் கழுத்துப் பகுதியை வெட்டி, அதையே தலைகீழாக வாயில் புனல்போல் செருகுங்க. அடி வளைவுக்குக் கொஞ்சம் கல் போட்டு, கல் மூழ்க நேர்ப்பகுதி தொடங்கும் இடம் வரை தண்ணி ஊற்றி அங்கே சுழியம் என்று கோடு போடுங்க. மேலே அளவுகோலால் மில்லிமீட்டர் குறியுங்க. புனல் வாயும் போத்தலும் ஒரே அகலமாக இருந்தால்தான் கணக்குச் சரி. மரமும் கூரையும் மறைக்காத வெளியில் நிலத்தில் ஊன்றி, தினமும் காலை ஒரே நேரத்தில் வாசித்துக் கொட்டிச் சுழியத்துக்குக் கொண்டுவாங்க.

இராத்திரி மழை பிடித்தால் முறை வைத்து இரண்டு பேர் டோர்ச்சோடு போய்ப் பார்த்து வந்து அளவைச் சொல்லட்டும், மற்றவங்க படுத்திருக்கலாம். நிலத்தில் புது வெடிப்பு, சாயும் மரம், திடீரென்று கலங்கிய ஊற்று, கதவு இறுகுதல் ஏதாவது தெரிந்தால் அளவுக்காகக் காத்திருக்காமல் எல்லாரும் இறங்கிவிட வேண்டும். போத்தல் சும்மா இருக்கிறது என்பதற்காக அதிகாரிகள் விடுக்கும் எச்சரிக்கையைத் தள்ளக்கூடாது. மேல்மலையில் பெய்யும் மழையை அது காட்டாது.

போகும் வழியும் சேரும் இடமும் பகலிலேயே ஒருமுறை எல்லாரும் நடந்து பார்த்தாக வேண்டும். கைப்பிள்ளை யார் கையில், கிழவியை யார் தாங்குவது, அடையாள அட்டைப் பை எந்த ஆணியில் என்பது வரைக்கும். வாரத்தில் ஒரு நாள் அந்த 15 நிமிடப் பயிற்சிக்குப் பதிலாக இந்த நடையையே வைத்துக்கொள்ளுங்க.